இவர்தான் எனக்கு முன்னால் வந்தார்

டெஸ்மண்ட் ஹார்கிரீவ்ஸுக்கு அறுபத்துமூன்று வயது, ஆறடி இரண்டு அங்குல உயரம், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, தக்காளி நிறத்தில் முகம். அப்படிப்பட்ட ஆள் இங்கிலாந்தில் எங்கள் ஊர் கிரிம்பிள்ஷாவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும், எந்தப் பப்பில் போய் நின்றாலும், பரிமாறுகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியமாட்டார். இதை அவரே சொல்வார். முப்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். "என் ராசி அப்படி. என்னை யாரும் கவனிக்கமாட்டாங்க" என்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போய்த் தங்களுக்கு ஒரு பீர் வாங்கிக்கொண்டு வந்து மிச்சத்தைக் கேட்பார்கள்.

சாட்சிக்குக் கதைகள் வைத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு, பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார். மெனு கார்டைப் படித்தார். திருப்பிப் போட்டும் படித்தார். அதில் இருந்த எழுத்துப்பிழைகளை எண்ணி முடித்தார். மூன்று மணிக்கு மற்ற மேசைகளைத் துடைத்தார்கள், நாற்காலிகளைக் கவிழ்த்தார்கள், விளக்கை அணைத்தார்கள், வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டெஸ்மண்ட் உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தரை மணிக்கு முதலாளி வந்து திறந்தவர், இருட்டில் பீரோ மாதிரி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சாவியைக் கீழே போட்டுவிட்டார். "நாங்க ஆறு மணிக்குத்தான் திறப்போம், சார்" என்றாராம் நடுங்கிக்கொண்டே. "மன்னிக்கணும், தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மேசைமேல் இரண்டு பவுண்டு டிப்ஸும் வைத்துவிட்டு வந்தார் டெஸ்மண்ட். அந்த இரண்டு பவுண்டு எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். "பாவம், பயந்துட்டாரு" என்றார்.

இன்னொரு தடவை, ஒரு சனிக்கிழமை, ஸ்டேஷன் ஹோட்டலில் உட்கார இடம் காட்டுவார்கள் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்த ஓர் அம்மா தன் கோட்டைக் கழற்றி இவர் கையில் கொடுத்தார். மாட்டி வைத்தார். "எங்க சூப் எப்ப வரும்?" என்று அந்த அம்மா கேட்டார். எனக்குத் தெரியாதே என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அடுக்களைக்குப் போய்க் கேட்டார். சமையற்காரர் இரண்டு கிண்ணத்தை இவர் கையில் திணித்தார். சாயங்காலத்துக்குள் ஐந்து மேசைக்குப் பரிமாறிவிட்டார். அடுத்த சனிக்கிழமையும் சீக்கிரம் வந்துவிடும்படி மேனேஜர் சொல்லி அனுப்பினார். போனார். மூன்று சனிக்கிழமை போனார். நாலாவது வாரம்தான் முதுகுவலி என்று சாக்குச் சொல்லி நின்றார்.

அவருடைய சிநேகிதர் நெவில் ஒரு யோசனை சொன்னார். இரண்டு பேரும் வாராவாரம் 'நொண்டி வாத்து' பப்பில்தான் உட்காருவார்கள். நெவில்தான் எழுந்து போய் வாங்கிக்கொண்டு வருவார். டெஸ்மண்ட் போனால் தாகத்திலேயே சாக வேண்டியதுதான்.

"ரோட்டு வேலைக்காரங்க போடுவாங்களே, மஞ்சள் கோட்டு, பளபளன்னு? அதைப் போட்டுட்டு வா. லாரிக்காரன் கண்ணுக்கே தெரியும்போது பாருல நிக்குற பொண்ணு கண்ணுக்குத் தெரியாதா?"

அதையும் போட்டுக்கொண்டு வந்தார். பாரில் நின்ற ஐந்தாவது நிமிஷம் பப் முதலாளி ஓடி வந்து, "அப்பாடா, வந்தீங்களா, திங்கட்கிழமையிலேருந்து போன் பண்ணிட்டிருக்கேன்" என்று கையைப் பிடித்துக் கீழே நிலவறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே சாக்கடை அடைத்திருந்தது. டெஸ்மண்ட் ஒரு குச்சியை எடுத்து அடைப்பைக் குத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மேலே வந்து, பீர் இல்லாமல் வீட்டுக்குப் போனார். அந்தக் கோட்டை அப்புறம் போடவில்லை.

பார் என்பது பப்பில் பீரும் சாப்பாடும் சொல்லி வாங்குகிற நீள மேடை, அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்கள் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள், தபாலாபீஸில் நிற்பார்கள், தனியாக இருந்தாலும் ஒருவராக வரிசை கட்டி நிற்பார்கள். ஆனால் பப்பில் மட்டும் வரிசை கிடையாது. பாரை ஒட்டிக் கும்பலாகத்தான் நிற்பது. நிற்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் வந்தது யார், பின்னால் வந்தது யார் என்று மனசுக்குள் பாடமாகத் தெரியும். காசை ஆட்டக் கூடாது, விரலைச் சொடுக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. பரிமாறும் பெண் வந்து "அடுத்தது யாரு?" என்பாள். அப்போது உண்மையில் யார் அடுத்ததோ அவர் லேசாகப் புருவத்தைத் தூக்கினால் போதும். தன் முறை இல்லாதவன் தூக்கினால் அவன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் பேச்சு வரும். வேறு ஊர்க்காரர்களுக்கு இது புரிவதே இல்லை, புரியவைக்க எனக்கும் பொறுமை இல்லை.

டெஸ்மண்ட் கார்ப்பெட் கடையில் வேலை பார்த்தார். வீடு வீடாகப் போய் அளவெடுப்பது, விரிப்பது, ஆணியடிப்பது. அந்த வேலையில் அவரைக் கவனிக்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் வீட்டுக்காரர்கள் சோபாவில் ஏறி உட்கார்ந்தால்தான் அவர் வேலை நடக்கும். அப்படித்தான் கெய்னர் அம்மா வீட்டு மாடிப்படிக்கு அளவெடுக்கப் போனார்.

கெய்னர் அம்மா பக்கத்து டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கரண்டி பிடித்தவர். நாளைக்கு நானூறு பிள்ளைகள். வயது அறுபது, உயரம் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. தபால்காரர் கணவர் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது. ரிட்டயர் ஆனதும் இங்கே வந்து சின்னதாக ஒரு வீடு வாங்கியிருந்தார். படியில் மண்டிபோட்டு டேப்பை நீட்டிக்கொண்டிருந்த டெஸ்மண்டிடம், "பதிமூணாம் படி கோணல். சுத்திப் போகாம நேரா அளந்தா ரெண்டு அங்குலம் விட்டுடுவீங்க" என்றார். சரியாகத்தான் இருந்தது. டெஸ்மண்டுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போய்விட்டது. ரொம்பவே பிடித்துப்போய்விட்டது. அந்தப் படிக்குக் கார்ப்பெட் போட ஒரு நாள் போதும். அவர் நாலு தடவை போய்ச் சரிபார்த்தார்.

பதினோரு வாரம் கழித்து ஒரு நாள், கார்ப்பெட் ஓரத்தை ஐந்தாவது முறையாகத் தட்டிக்கொண்டே, முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரமுடியுமா என்று கேட்டுவிட்டார்.

"யாரைக் கேக்குறீங்க, சுவத்தையா?" என்றார் கெய்னர் அம்மா.

"உங்களைத்தான்."

"எங்க?"

"நொண்டி வாத்துல. ஞாயித்துக்கிழமை இறைச்சி ரோஸ்ட் நல்லா இருக்கும்."

அந்த அம்மா படியில் உட்கார்ந்தார். "இந்தாங்க டெஸ்மண்ட், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. முப்பத்தோரு வருஷம் ஊரான் பிள்ளைக்கெல்லாம் சோறு போட்டேன். வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன். வெளிய சாப்பிடப் போனாலும் அவரு உக்காந்திருப்பாரு, நான்தான் பாருக்குப் போய் சொல்லிட்டு, கத்தி முள்ளு எடுத்துட்டு, சாஸ் எடுத்துட்டு வருவேன். என் ஆசை ஒண்ணே ஒண்ணுதான். நான் உக்காரணும். எந்திரிக்கக் கூடாது. எனக்கு ஒருத்தர் தட்டு வாங்கிட்டு வரணும். அது நடக்கும்னா வரேன். நான் எந்திரிச்சுப் போய் வாங்க வேண்டி வந்துச்சுன்னா, அதோட கார்ப்பெட் ஓரம் பாக்க வர வேண்டாம்."

"நான் பாத்துக்கறேன்" என்றார் டெஸ்மண்ட். வெளியே வந்து வேனில் உட்கார்ந்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன்னைத்தான் எந்தப் பப்பிலும் யாரும் கவனிப்பதில்லையே!

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு இருவரும் வந்தார்கள். கெய்னர் அம்மா பச்சைக் கலர் கோட்டும் முத்து மாலையும் போட்டிருந்தார். ஜன்னலோரம் பதினொன்றாம் நம்பர் மேசை காலியாக இருந்தது. அந்த அம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் கிரேன் கொண்டுவந்தாலும் கிளப்ப முடியாது என்று தெரிந்தது.

பாருக்கு மேலே கரும்பலகை. மாட்டு ரோஸ்ட் பதினாறு தட்டு, பன்றி நாலு, சைவம் இரண்டு. அன்றைக்கு அவ்வளவுதான் பாக்கி. மூன்று மணிக்கு அடுக்களை மூடிவிடும். ஒவ்வொரு தட்டு சொல்லும்போதும் கெல்லி எச்சில் தொட்ட விரலால் ஒரு எண்ணை அழித்து அடுத்ததை எழுதுவாள். கெல்லிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பாரில் நிற்பவள். முப்பது வயது இருக்கும், வாயும் கையும் ஒரே வேகம்.

டெஸ்மண்ட் பாருக்குப் போய் நின்றார். முதுகு முழுக்க வியர்வை. நெவில் மூலை ஸ்டூலில் இருந்து, "நான் வேணா சொல்லிட்டு வரட்டுமா?" என்று சைகை காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினார் டெஸ்மண்ட். இது அவரே செய்ய வேண்டிய காரியம்.

"அடுத்தது யாரு, கண்ணு?" என்று கெல்லி நேராக டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

பக்கத்தில் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். டெஸ்மண்டுக்குப் பின்னால் வந்தவர்தான். "இவர்தான் எனக்கு முன்னால வந்தாரு" என்றார் டெஸ்மண்ட்.

"இல்லைங்க, நீங்கதான்."

"பிள்ளையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க. சொல்லுங்க, சொல்லுங்க."

"நான் இப்பதான் வந்தேன்…"

"பரவாயில்லைங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

நாலு மாடு போயிற்று. பலகையில் பன்னிரண்டு. டெஸ்மண்ட் பெருமூச்சு விட்டார். பார்த்தீர்களா, மறுபடியும் தன்னை விட்டுவிட்டார்களே என்று அவருக்கு உள்ளே ஒரு கசப்பு. இதை அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

கெல்லி திரும்ப வந்தாள். "டெஸ்மண்ட், நீங்களா?"

ஒரு தடியூன்றிய கிழவி பின்னாலிருந்து லேசாக இருமினாள். சளிதான், வேறொன்றுமில்லை. டெஸ்மண்ட் தீயை மிதித்தவர்போல் விலகினார். "அம்மா, நீங்க வாங்க." இரண்டு பன்றி போயிற்று.

இரண்டு முப்பதுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மலையேறும் சங்கம் உள்ளே வந்தது. பதினோரு பேர், பதினோரு பேரும் தொப்பலாக நனைந்து, சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலில் சாக்ஸ் மட்டும். அவர்கள் தலைவி நல்ல மரியாதை தெரிந்தவர். "நீங்கதானே சார் முதல்ல?" என்று வாய்விட்டே கேட்டார்.

"நீங்க நனைஞ்சிருக்கீங்களே."

"நனைஞ்சா என்ன? உங்க முறைதானே?"

"ஐயையோ, ஜுரம் வந்துடும். நீங்க சொல்லுங்க முதல்ல."

பதினோரு மாடு. கெல்லி அழித்து எழுதும்போது சாக்பீஸ் கிறீச்சிட்டது. பலகையில் மாடு ஒன்று. டெஸ்மண்டின் வயிறு இரைந்தது. திரும்பிப் பதினொன்றாம் மேசையைப் பார்த்தார். கெய்னர் அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நானூறு பிள்ளைகளில் எவன் எவன் தட்டைத் திருடினான் என்று கண்டுபிடித்த பழக்கம் இருந்தது. டெஸ்மண்ட் அசடு வழியச் சிரித்து, இதோ ஆயிற்று என்று கையைக் காட்டினார்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு ஒரு ஜோடி. அன்றைக்கு அவர்களுக்குக் கல்யாண நாளாம். அவர்களாகச் சொல்லவில்லை, டெஸ்மண்டே விசாரித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட பிறகு எப்படி முன்னால் நிற்பது? கடைசி மாடும் போயிற்று, ஒரு பன்றியும் போயிற்று.

அடுத்தது பின்னிங்டன். எழுபத்தெட்டு வயது, பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்து ஓய்ந்தவர், மரியாதையில் டெஸ்மண்டுக்கு அண்ணன். கெல்லி "யாரு?" என்றதும் இருவரும் ஒரே மூச்சில் "இவர்தான்" என்றார்கள்.

"நீங்கதான் டெஸ்மண்ட்."

"இல்லை ஐயா, நீங்க."

"நான் கேக்கவே மாட்டேன். நீங்க."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது…"

கெல்லி ஒரு துணியை எடுத்துப் பாரைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். இரண்டு பேருக்கும் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குள்ளும் நீங்கள் நான் என்று தொற்றிக்கொண்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை, யாருக்கும் எதுவும் வரவில்லை. மணி இரண்டு ஐம்பத்திரண்டு.

"வரிசையா நில்லுங்க எல்லாரும்!"

கூரை இடிந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பதினொன்றாம் மேசையிலிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே, கெய்னர் அம்மா குரல் கொடுத்திருந்தார். நானூறு பிள்ளைகளை அடக்கிய குரல். வளர்ந்த ஆண்கள் பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுத்தார்கள். ஒருவர் வாயிலிருந்த சிப்ஸை மெல்லாமல் நிறுத்தினார். யாரோ கொண்டுவந்திருந்த நாய்கூட உட்கார்ந்துவிட்டது. பிறகு நொண்டி வாத்துப் பப்பில், எனக்குத் தெரிந்து முதன்முறையாக, பதிமூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். டெஸ்மண்ட் மெல்ல நடந்து போய், பழக்கதோஷத்தில், கடைசி ஆளுக்கும் பின்னால் நின்றுகொண்டார்.

"டெஸ்மண்ட்!"

"இருக்கேன்."

"எங்க நிக்கிற நீ?" அதுவரைக்கும் 'நீங்க' என்று பேசிய அம்மா.

"வரிசையில… நீங்கதான் சொன்னீங்க…"

"அந்தப் பொண்ணு உன்னை அஞ்சு தடவ கேட்டா. எண்ணிட்டிருந்தேன். உன் பேரைச் சொல்லியே கேட்டா. அஞ்சு தடவையும் நீ தூக்கி ஊரானுக்குக் குடுத்துட்ட. என்னை யாரும் கவனிக்கமாட்டாங்கன்னு வர்ற வழியெல்லாம் அழுதியே, உன்னைக் கவனிக்காத ஆளு இந்த ரூமுலயே நீ ஒருத்தன்தான்!"

பப் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் தட்டில் இருந்த பட்டாணியை ஆராய்ந்தது. அடுத்தவர் சண்டையைக் கேட்காததுபோல் கேட்பதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது.

டெஸ்மண்டின் காது சிவந்தது. "எல்லாரும் திரும்பிப் பாக்கும்போது எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலைங்க" என்றார் சின்னக் குரலில். "அதான், சட்டுனு பக்கத்துல இருக்குறவங்ககிட்ட குடுத்துடறேன்போல."

"உன் சோறுன்னா தாராளமாக் குடு. மகராசனா குடு. ஆனா நீ அங்க தனியா நிக்கலை. அந்த முறையில பாதி என்னோடது. முப்பத்தோரு வருஷம் கழிச்சு நான் ஒரு நாள் உக்காந்திருக்கேன், நீ என் சோத்தை எடுத்து, என்னைக் கேக்காம, நனைஞ்ச சாக்ஸுக்காரங்களுக்குத் தானம் பண்ணிட்ட." அந்த அம்மா கோட்டுப் பொத்தானைத் தொட்டார். எழுந்துவிடுவார்போல் இருந்தது.

டெஸ்மண்டுக்கு நெஞ்சு திக்கென்றது. இத்தாலிக் கடையில் இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுகூட இப்படி இல்லை. அங்கே பசித்தது அவருக்கு மட்டும்தான்.

"எந்திரிக்காதீங்க" என்றார். "தயவுசெஞ்சு எந்திரிக்காதீங்க. அஞ்சு நிமிஷம்."

முன்னால் பதிமூன்று முதுகு. பதிமூன்றும் எங்கள் ஊர் முதுகு அல்லவா, அவருக்கு நேர் முன்னால் நின்றவர் உடனே திரும்பி, "நீங்க முன்னால போங்க" என்றார். இந்த வார்த்தைக்கு டெஸ்மண்டின் வாய் அறுபது வருஷமாக ஒரே பதில்தான் சொல்லும். அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினார். "நன்றி" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி ஓரடி வைத்தார். 

"நீங்க போங்க."

"நன்றி. மன்னிக்கணும்."

"போங்க, போங்க."

"நன்றி. ரொம்ப மன்னிக்கணும்."

பதிமூன்று பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, யாருடைய பூட்ஸையோ மிதித்து, அதற்கு மிதிபட்டவரே மன்னிப்புக் கேட்க, அதற்கும் இவர் மன்னிப்புக் கேட்டு, ஒருவழியாகப் பாருக்கு வந்து சேர்ந்தார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. அடுக்களைக்குள் யாரோ ஏப்ரனைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க டெஸ்மண்ட்" என்றாள் கெல்லி. 

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார். இந்தக் கட்டத்துக்கு அவர் இதுவரை வந்ததே இல்லை. கெய்னர் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வரவும் இல்லை. "என்ன வேணும் உங்களுக்கு?" என்று அங்கிருந்தே திரும்பிக் கத்தினார்.

"மாடு!"

"மாடு தீர்ந்துபோச்சு" என்றாள் கெல்லி. "ஒரே ஒரு பன்றி இருக்கு. சைவம் ரெண்டு இருக்கு."

பின்னால் பின்னிங்டன் தொண்டையைச் செருமினார். "பன்றி ஒண்ணுதானா? நானும் அதைத்தான் மனசுல வெச்சிருந்தேன். பரவாயில்லை. காலையிலேருந்து ஒரு பிஸ்கட்டுதான் சாப்பிட்டேன், இருந்தாலும் பரவாயில்லை. நீங்க பாத்துச் சொல்லுங்க."

நெவில் மூலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டெஸ்மண்ட் பாரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னிங்டன் பக்கம் திரும்பினார். எதிரே நின்றது ஒல்லியான, நல்ல, பசித்த கிழவர்.

"ஐயா" என்றார். "சைவத்துல ஒண்ணு இருக்கு. முந்திரி, வால்நட்டெல்லாம் போட்டது. நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"யாரும் சொல்லலை" என்று டெஸ்மண்ட் ஒப்புக்கொண்டார். பிறகு கெல்லியைப் பார்த்து, ஒரே மூச்சில், "பன்றி எங்களுக்குத்தான். பதினொண்ணாம் நம்பர் மேசைக்கு. எனக்கு ஒரு சைவம்" என்றார்.

பப்பில் யாரோ கைதட்டிவிட்டு, கூச்சப்பட்டு, இருமல்போல் மாற்றிக்கொண்டார்கள்.

சாப்பாடு வந்தது. தட்டை மேசை வரைக்கும் கொண்டுவருவது கெல்லியின் வேலைதான். ஆனால் டெஸ்மண்ட் பாதி வழியிலேயே வாங்கிக்கொண்டு போய், கத்தியும் முள்ளும் எடுத்து, ஆப்பிள் சாஸ் எடுத்து, எல்லாவற்றையும் கெய்னர் அம்மாவின் முன்னால் வைத்தார். ஸ்டேஷன் ஹோட்டலில் மூன்று சனிக்கிழமை பழகிய கை, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த அம்மா தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "மிளகு கண்ணுல பட்டுடுச்சு" என்றார். மிளகு இன்னும் மேசைக்கே வரவில்லை.

டெஸ்மண்டின் சைவ ரோஸ்ட் செருப்பு அட்டை பதத்தில் இருந்தது. அந்த அம்மாவின் பன்றி பரவாயில்லை, யார்க்‌ஷர் புட்டிங் என்கிற கிண்ணம் மாதிரி மாவு அப்பமும் உப்பித்தான் இருந்தது. ஆனால் கிரேவி பச்சைத் தண்ணீர்போல் சில்லென்று, மேலே ஆடை கட்டிக் கிடந்தது. இரண்டு வாய் சாப்பிட்டதும் கெல்லி வந்து நின்று, எல்லா மேசையிலும் கேட்பதையே கேட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்கா, கண்ணுகளா?"

இதற்கு எங்கள் நாட்டில் ஒரே பதில்தான். தட்டில் செத்த எலி கிடந்தாலும் "ரொம்ப அருமை, நன்றி" என்றுதான் சொல்லுவோம். அவள் போன பிறகு கிசுகிசுவென்று திட்டுவோம். வீட்டுக்குப் போகும் வழியில் திட்டுவோம். கிறிஸ்துமஸ் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவோம்.

"கிரேவி ஆறிப்போயிருக்கு" என்றார் டெஸ்மண்ட். "இவங்களுக்குச் சூடா வேணும். கொண்டுவர முடியுமா?"

சுற்றிலும் கத்தி முள் சத்தம் நின்றது. கெல்லி அவரை வாய்பிளந்து பார்த்தாள். "ஆறிப்போச்சா? ஒம்போது வருஷமா நான் கேக்குறேன், எல்லாரும் அருமைன்னுதானே சொல்றீங்க?"

"எங்களுதும் ஆறிப்போச்சு" என்றது ஒன்பதாம் மேசை, மெல்லிய குரலில்.

"எங்களுக்கும்" என்றார் குழந்தைக்காரர்.

"எப்பவுமே ஆறித்தான் இருக்கும்" என்றார்கள் மலையேறிகள் பதினோரு பேரும் ஒன்றாக. பின்னிங்டன், கிரேவி மட்டுமல்ல, 1998லிருந்து உருளைக்கிழங்கும் வேகவில்லை என்றார். கெல்லி அடுக்களைப் பக்கம் திரும்பி, அங்கே ஏப்ரனைக் கழற்றிவிட்டிருந்த சமையற்காரரிடம் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பத்து நிமிஷத்தில் ஆவி பறக்க ஒரு பெரிய ஜாடி வந்தது. முதலில் கேட்டது பதினொன்றாம் மேசை என்பதால் நேராக அங்கேதான் வந்தது. டெஸ்மண்ட் இரண்டு கையாலும் ஜாடியை வாங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். அறை முழுக்கப் பசித்த முகங்கள், காய்ந்த உருளைக்கிழங்குகள். ஜாடி பிடித்த கை, அதுவாகவே, மெல்ல ஒன்பதாம் மேசைப் பக்கம் நீண்டது.

கெய்னர் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, கையைத் தன் தட்டுக்கு மேலே கொண்டுவந்தார்.

"ஊத்துங்க" என்றார்.

ஊற்றினார். புட்டிங் நிறைந்தது, தட்டு நிறைந்தது, ஓரத்தில் வழிந்து மேசை விரிப்பை நனைத்தது. ஒன்பதாம் மேசை எட்டிப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தது. போதும் என்று அந்த அம்மா சொல்லவில்லை, கையை விடவும் இல்லை.